ஊர்காவற்துறை நீதிமன்றத் தாள்களை யார் படிப்பது? தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பன்னாட்டுச் சட்டம் என்ற தாள் நம் கல்லூரிகளில் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூலங்கள், அங்கீகாரம், புகலிடம், குற்றவாளி ஒப்படைப்பு என்று நாலைந்து தலைப்பு. அதற்கு ஒரு கைடு. தேர்வு முடிந்த மறுநாள் அந்தக் கைடு ஜூனியர் கைக்குப் போய்விடும். பார் கவுன்சில் கட்டாயமாக்கியிருப்பதால் அந்தத் தாள் இருக்கிறது. நாளைக்குச் செக் மோசடி வழக்கும் ஜாமீன் மனுவும் பார்க்கப் போகிறவனுக்கு பன்னாட்டு நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரத்தில் என்ன வேலை என்று மாணவர்களே கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். வகுப்பறைக்குள் இதற்குப் பதில் கிடைக்காது என்பது என் எண்ணம். அதனால் பாடத்திட்டத்தைப் பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை. வகுப்பு முடிந்த பிறகு மாணவர்கள் என்ன செய்யலாம், அதற்கு நீங்கள் எங்கே வழிவிட வேண்டும் என்பதுதான் இந்த மடல்.

இப்போது வகுப்புக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று: மூட் கோர்ட், அதாவது மாணவர்கள் வழக்கறிஞர்களாக நின்று வாதாடும் மாதிரி நீதிமன்றம். அதில் பெரிய பெயர் ஜெஸ்ஸப். ஹேக்கில் நீதிபதியாக இருந்த அமெரிக்கர் பிலிப் ஜெஸ்ஸப்பின் பெயரில் 1960 முதல் நடக்கும் போட்டி. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1999-லும் 2013-லும் அதில் உலக அளவில் வென்றது. கற்பனையான இரண்டு நாடுகள், அவற்றுக்குள் ஒரு தகராறு. ஒரே அணி இரண்டு நாட்டுக்கும் மெமோரியல், அதாவது எழுத்து வாதம், எழுத வேண்டும். ஒரு சுற்றில் வாதியாக நின்றவர்கள் அடுத்த சுற்றில் பிரதிவாதியாக நிற்பார்கள். மூட் கோர்ட்டில் எனக்குப் பிடித்ததே இதுதான். எதிர்த்தரப்பின் வாதத்தைத் தன் கையால் எழுதிப் பார்க்காதவன் நல்ல வழக்கறிஞன் ஆவதில்லை.

ஆனால் யார் போகிறார்கள்? ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் பேசுகிறவர்கள், பயணச் செலவுக்கு வீட்டில் வழியுள்ளவர்கள், கறுப்பு கோட்டைத் தனியாகத் தைத்துக்கொள்ள முடிந்தவர்கள். நூற்றுக்கணக்கில் படிக்கும் ஒரு கல்லூரியிலிருந்து ஓர் அணி, ஐந்து பேர். மிச்சம் இருப்பவர்களுக்குப் பன்னாட்டுச் சட்டம் என்றால் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய கோப்பைப் படம். சில போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஐந்து பேரைக் குறைசொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு உழைக்கிறார்கள். போட்டி முடிந்ததும் அந்த உழைப்பு போய்ச்சேரும் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. இல்லாத நாட்டின் இல்லாத தீவுக்காக எழுதிய எண்பது பக்கம், பென்டிரைவில் தூங்குகிறது.

இருக்கிற தீவுகளுக்காக எழுதியவர்களின் கதை ஒன்று உண்டு. உங்களில் பலர் செய்தியாகப் படித்திருப்பீர்கள். ஆனால் அது மாணவர்களின் வேலையிலிருந்து புறப்பட்டது என்ற பகுதி நம் கல்லூரிகளில் பேசப்பட்டதாகத் தெரியவில்லை.

பசிபிக் தீவு நாடுகள் 12 சேர்ந்து நடத்தும் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி வனுவாட்டு நாட்டின் தலைநகர் போர்ட் விலாவில் இருக்கிறது. 2019 மார்ச்சில் அங்கே படித்த 27 மாணவர்கள் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். கடல் மட்டம் உயர்ந்து தங்கள் நாடுகள் கரைகின்றன; இதற்குச் சட்டத்தில் எட்டக்கூடிய மிகப் பெரிய வழி எது? அவர்களுக்குக் கிடைத்த விடை, பன்னாட்டு நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்பது. யோசனை புதிதல்ல. 2011-ல் பலாவு நாடு இதையே அறிவித்து, கிடப்பில் போனது. ஹேக் நீதிமன்றத்தின் கதவு மாணவர்களுக்குத் திறக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அங்கே கேள்வி கேட்க ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் கொண்டுவர ஓர் அரசு வேண்டும். ஆகவே ஒரு சங்கமாகச் சேர்ந்து அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள்.

வனுவாட்டு அரசு காதுகொடுத்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்தவர் ரால்ஃப் ரெகன்வானு. அந்த ஆண்டு ஆகஸ்டில் துவாலுவில் கூடிய பசிபிக் தீவுகள் மன்றத்தின் அறிக்கையில் மாணவர்களின் யோசனை இடம்பெற்றது. ஏற்றுக்கொள்ளவில்லை, குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு கொரோனா. 2020 ஏப்ரலில் ஹெரால்டு புயல். மாணவர்கள் படிப்பை முடித்தார்கள். ஆனால் சங்கத்தைக் கலைக்கவில்லை, வேறு நாட்டு இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2021 செப்டம்பரில் வனுவாட்டு அரசு அதிகாரபூர்வமாக அறிவித்தது. நியூயார்க்கில் கேள்வியின் வாசகத்தை வரிவரியாகப் பேரம் பேசினார்கள். 2023 மார்ச் முதல் வாரத்தில் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் ஒரே வாரத்தில் வனுவாட்டுவைப் புரட்டிப்போட்டன. அதே மாதம் 29-ஆம் தேதி, 130-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்து முன்மொழிய, பொதுச் சபை வாக்கெடுப்பே இல்லாமல் தீர்மானத்தை நிறைவேற்றியது. எண் 77/276.

2024 டிசம்பர் 2-ஆம் தேதி ஹேக்கில் வாய்மொழி விசாரணை தொடங்கியது. முதல் நாளே பேசியவர்களில் ஒருவர் சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹூனியுஹி, அந்த 27 பேரில் ஒருவர். மூட் கோர்ட்டில் கற்பனை நாட்டுக்காக நிற்கும் வயதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தார். அந்த இரண்டு வாரத்தில் 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் பேசின. அந்த நீதிமன்றத்தில் அதுவரை இவ்வளவு பேர் வந்து பேசியதில்லை. 2025 ஜூலை 23-ல் 15 நீதிபதிகளும் ஒருமனதாகக் கருத்துச் சொன்னார்கள். காலநிலையைக் காக்கும் கடமை உடன்படிக்கைகளோடு முடிந்துவிடுவதில்லை, நாடுகளின் நடைமுறையிலிருந்து உருவான வழமைச் சட்டத்திலும் உண்டு. புதைபடிவ எரிபொருளை எடுக்க உரிமம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும்கூட ஒரு நாட்டைச் சட்டமீறலில் கொண்டு நிறுத்தலாம். கடல் ஏறி வந்தாலும் தீவு நாடுகள் முன்பே வரைந்த கடல் எல்லைகளைத் திருத்தத் தேவையில்லை.

ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாதே என்று உங்களில் ஒருவர் சொல்வார். உண்மைதான், கட்டுப்படுத்தாது. அந்த 27 பேரும் அதைத் தெரிந்துதான் இறங்கினார்கள்.

இந்தியாவும் அங்கே போய்ப் பேசியது, 2024 டிசம்பர் 5-ஆம் தேதி. இருக்கிற காலநிலை உடன்படிக்கைகளைத் தாண்டிப் புதிய கடமைகளை நீதிமன்றம் சுமத்திவிடக் கூடாது என்பது நம் அரசின் வாதம். வளரும் நாடு என்ற முறையில் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓட்டையும் இருக்கிறது. சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நம் நாட்டின் பெயரால் உலக நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட வாதம் அந்த நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. நம் சட்டக் கல்லூரிகளில் எத்தனை மாணவர்கள் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள்? கடலோரத்தில் 13 மாவட்டங்களுக்கு மேல் வைத்திருக்கும் மாநிலம் இது.

இனி நம் கரைக்கு வருகிறேன். ராமேஸ்வரத்திலிருந்து போன விசைப்படகு எல்லை தாண்டியதென்று இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. மீனவர்களை அந்த நாட்டின் வடக்கில் உள்ள ஊர்காவற்துறையிலோ மன்னாரிலோ நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். இங்கே மறியல், அங்கே விடுதலை, படகு மட்டும் திரும்பி வராது. நாம் எல்லோரும் நாளிதழில் படித்துப் படித்து மரத்துப்போன செய்தி. சட்ட மாணவனின் கண்ணோடு இதைத் திறந்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது பாருங்கள்.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தத்தில் எல்லைக்கோடு வரைந்தார்கள். அதன் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலக் கச்சத்தீவுக்குப் போய்வரலாம், விசா வேண்டாம் என்கிறது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டு நீரில் மரபாக அனுபவித்த உரிமை தொடரும் என்கிறது. 1976-ல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, அடுத்தவர் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. 'போய்வரலாம்' என்பதில் மீன்பிடிப்பு அடங்குமா? பின்னால் வந்த கடிதம் முன்னால் வந்த ஒப்பந்தத்தை எந்த அளவுக்கு மாற்றும்? அடுத்தது, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. இலங்கை 1994-லும் இந்தியா 1995-லும் அதை ஏற்றன. ஒரு நாட்டின் கரைக்கு அப்பால், மீன் போன்ற வளங்களில் அந்த நாட்டுக்கு உரிமையுள்ள கடற்பரப்பான தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறிய வெளிநாட்டவருக்குச் சிறைத் தண்டனை கொடுக்கக் கூடாது, பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும் என்கிறது அதன் 73-ஆம் பிரிவு. ஆஹா, பிடித்தோம் என்று மாணவன் துள்ளுவான். அங்கேதான் முடிச்சு. பாக் விரிகுடா தனிப் பொருளாதார மண்டலமே அல்ல. நெடுங்காலமாகத் தன் ஆட்சியில் இருக்கும் வரலாற்று நீர், ஆகவே உள்நாட்டு நீர் என்று இலங்கை 1977-லேயே அறிவித்துவிட்டது. அந்த வாதத்துக்கு அவர்கள் தேடும் சான்றுகளில் ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? நம் சென்னை உயர் நீதிமன்றத்தில். ராமநாதபுரம் கடலோரச் சங்குப் படுகையில் சங்கு எடுத்தது திருட்டா என்ற கேள்வியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீர்ப்பான அன்னக்குமாரு பிள்ளை வழக்கு. பாக் விரிகுடா திறந்த கடல் அல்ல, அரசின் ஆட்சிப்பரப்புக்குள் வரும் நீர் என்று அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது.

ஜெஸ்ஸப் போட்டிக்குக் கேள்வி தயாரிப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கும் சிக்கல் இங்கே அப்படியே கிடக்கிறது, பாதிக்கப்பட்ட மனிதர்களோடு. மறுதரப்பும் கற்பனை இல்லை. கடலடியை வாரிச் செல்லும் நம் இழுவைமடிப் படகுகள் தங்கள் வலைகளைக் கிழித்துப் போவதைப் பார்த்து நிற்கிற மன்னார், யாழ்ப்பாணத்து மீனவர்களும் தமிழர்கள்தான். போருக்குப் பின் கடலுக்குத் திரும்பியவர்கள். இலங்கை 2017-ல் இழுவைமடியைத் தன் நாட்டவருக்கும் சேர்த்தே தடைசெய்தது. மேடையில் பேசுகிறவர்கள் ஒரு பக்கத்தைத்தான் பேசுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் மெமோரியல் எழுதும் பழக்கம் சட்ட மாணவனுக்கு மட்டுமே உண்டு. அந்தப் பழக்கத்துக்கு உண்மையான பயன் இந்தக் கடலில் இருக்கிறது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. இலங்கையின் வடக்கு மாகாணத்தில் நீதிமன்ற மொழி தமிழ். அந்த நாட்டு அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. ஊர்காவற்துறை நீதவான் மன்றத்தின் கட்டளையையும் குற்றப்பத்திரத்தையும் படித்துச் சாரம் எழுத, நம் கல்லூரியில் தமிழில் தேர்வெழுதும் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. டெல்லியில் இருக்கும் பெரிய சட்டப் பள்ளி மாணவருக்குத் தேவை. மூட் கோர்ட் அணித் தேர்வில் முதல் சுற்றிலேயே 'ஆங்கிலம் போதாது' என்று திருப்பி அனுப்பப்படும் மாணவிதான் இந்த வேலைக்கு முதல் ஆள். 'பிணைமுறி' (ஜாமீன் பத்திரம்), 'விளக்கமறியல்' (ரிமாண்ட்), 'சந்தேகநபர்' என்ற அவர்கள் வழக்குக்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும்.

கடல் மட்டுமல்ல. இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்று கைடில் ஒரு வரி வரும், மாணவர் அதை எழுதி மதிப்பெண் வாங்குவார். அதே முகாமில் ஒருவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்பதைப் பொறுத்து அவர் இந்தியக் குடிமகனாகவே இருக்கலாம். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் மதுரைக் கிளை உத்தரவிட்டது, 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால். இப்படி இன்னும் எத்தனை பேர் என்று பிறப்புச் சான்றிதழ்களை வைத்துப் பார்க்க ஆள் வேண்டும். வழக்கறிஞர்களுக்கு நேரமில்லை. ஐ.நா. மனித உரிமைக் குழுக்கள் இந்தியாவைப் பரிசீலிக்கும்போது அனுப்பப்படும் மாற்று அறிக்கைகளுக்கும் இதே கதைதான். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், நம் பக்கத்திலிருந்து போவது குறைவு.

காசில்லை என்று சொல்லிவிடாதீர்கள். இதற்கு விமான டிக்கெட் தேவையில்லை. ஹேக் நீதிமன்றத்தின் எல்லா ஆவணங்களும், ஐ.நா. உடன்படிக்கைத் தொகுப்பும், உலகின் முன்னணிப் பேராசிரியர்களின் விரிவுரைகளும் இணையத்தில் இலவசம். விதியும் தடுக்கவில்லை. பார் கவுன்சிலின் 2008 விதிகள் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் இன்டர்ன்ஷிப் கேட்கின்றன. வழக்கறிஞர் அலுவலகம் மட்டுமல்ல, தொண்டு நிறுவனம், உள்ளாட்சி, பல்கலைக்கழகம் குறிப்பிடும் பிற அமைப்புகள் என்று பட்டியல் நீள்கிறது. நடப்பில் என்ன? சீனியர் வழக்கறிஞரிடம் டயரியில் கையெழுத்து வாங்கி வைவா என்ற வாய்மொழித் தேர்வில் காட்டுவது. ஒரு நாள்கூட நீதிமன்றம் போகாத டயரிகளை நானே பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூட் கோர்ட் பயிற்சிக்கென்று 30 மதிப்பெண் இருக்கிறது, ஆண்டுக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்றைப் பாக் விரிகுடாவில் வைத்து, தமிழிலேயே வாதாட விட்டால் எந்த விதி குறுக்கே நிற்கும்?

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் நேராகவே எழுதிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி, மீன்வளத் துறையிடம் சிறைப்பட்ட படகுகளின் விவரம் கேட்க விரும்பினாள். தகவல் உரிமைச் சட்டத்தில் எந்தக் குடிமகனும் கேட்கலாம். ஆய்வுக்கு என்று கல்லூரியிலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் இருந்தால் அதிகாரிகள் கொஞ்சம் மதிப்பார்களே என்று முதல்வர் அறைக்குப் போனாள். "இதெல்லாம் அரசியல் விவகாரம்மா, படிக்கிற வேலையைப் பாரு" என்று திருப்பி அனுப்பினார்கள். வேண்டுமானால் முறையான வழியில் மனு கொடு என்றும் சொன்னார்கள். முறையான வழி என்பது வகுப்பாசிரியர், துறைத் தலைவர், கண்காணிப்பாளர், முதல்வர், இயக்குநரகம் என்று ஏறுகிற படிக்கட்டு. அவள் படிப்பை முடித்துப் போனாள், மனு எந்தப் படியில் நின்றது என்று இன்றுவரை தெரியாது. போர்ட் விலாவில் அந்த 27 பேரும் அரசுகளுக்குக் கடிதம் எழுத இப்படி அனுமதி கேட்டு நின்றிருந்தால் 77/276 என்ற எண்ணே பிறந்திருக்காது.

அரசுக் கல்லூரி முதல்வருக்கு மேலிடம் உண்டு, பயம் உண்டு. அது எனக்குப் புரிகிறது. ஊர்வலத்துக்கோ மறியலுக்கோ நான் அனுமதி கேட்கவில்லை. ஆவணம் படிப்பதும், இரு பக்க வாதத்தையும் எழுதுவதும், அதை ஒரு வழக்கறிஞரின் மேற்பார்வையில் செய்வதும் சட்டக் கல்வி. மாணவர்கள் யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது.

நம் ஊருக்கு இது அந்நியமான துறையும் அல்ல. 1951-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த போலந்துக்காரர் அலெக்சாண்ட்ரோவிச், இங்கிருந்துதான் இந்தியாவின் பன்னாட்டு விவகார ஆண்டு மலரைத் தொடங்கினார். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஆசிய அரசுகளிடையே நாடுகளின் சட்டம் புழங்கியது என்ற வாதத்தை அவர் வளர்த்ததும் சென்னையில் இருந்த காலத்தில்தான். மெரினாவைப் பார்த்த அந்த வளாகத்தில் அப்போது அந்தப் பேச்சு இருந்தது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. இன்டர்ன்ஷிப் வாரங்களில் நான்கையாவது ஆவணப் பணிக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். கடற்கரை மீனவர் சங்கத்திலோ, முகாம்களில் வேலை செய்யும் சட்ட உதவி அமைப்பிலோ மாணவர் இருக்கட்டும். டயரிக்குப் பதிலாக அவர் எழுதிய குறிப்பை வைவாவில் கேளுங்கள். அந்த நாள்களை வருகைப்பதிவில் சேருங்கள். 70 விழுக்காட்டுக்குப் பயந்து பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு கல்லூரிக்கு ஓர் ஆசிரியரையாவது இதற்கென்று பொறுப்பாக்கி, அவருடைய வாரப் பாடவேளையில் இரண்டைக் குறையுங்கள். கூடுதல் பொறுப்பு என்ற பெயரில் தலையில் கட்டினால் ஒரு பருவத்தில் அது செத்துவிடும். பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவருக்கு ஒரு வாரத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள்; இல்லை என்றால் காரணமும் எழுதுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கடந்த ஐந்தாண்டில் வடக்கு மாகாண நீதிமன்றங்களில் நம் மீனவர்கள் மீது முடிந்த வழக்குகளின் கட்டளைகளைத் திரும்பி வந்த மீனவர்களிடமும் அங்கே அவர்களுக்காக ஆஜரான சட்டத்தரணிகளிடமும் (வழக்கறிஞர்களிடமும்) கேட்டு வாங்கி, எந்தச் சட்டப் பிரிவு, எவ்வளவு அபராதம், படகு என்ன ஆனது என்று ஓர் அட்டவணை போடலாம். ஆறு மாணவர்கள், ஒரு பருவம். மதுரையிலும் ராமநாதபுரத்திலும் இதைச் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து சரிபார்க்க நானும் என் சக வழக்கறிஞர்கள் சிலரும் தயார், கட்டணம் இல்லாமல். அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க முடியுமா என்று தெரிவித்தால் வரைவுத் திட்டத்தோடு நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
அரசு சட்டக் கல்லூரியின் பழைய மாணவன்,
மதுரைக் கிளையில் வழக்காடும் ஒரு வழக்கறிஞர்